எண்ணெய் வரிசையில் கடைசி ஆள்

தென்காசி ரயிலடியில் இறங்கி, சோடாக் கம்பெனி எங்கே என்று யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். இன்றைக்கு அங்கே சோடா கிடையாது, மாடிக் கட்டடம் நிற்கிறது. இருந்தாலும் கையை நீட்டி என் வாசலைத்தான் காட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்தது கொஞ்ச காலம். எழுத்துக் கூட்டிப் படித்ததெல்லாம் சினிமா நோட்டீசிலும், சோடாப் பெட்டியில் அடித்திருந்த பெயிண்ட் எழுத்திலும்தான். அப்படிப்பட்ட நான், பாட்டில் கழுவ வந்த கடைக்கு எதிர்த்தாற்போலவே சொந்த மெஷின் போட்டேன். புளியங்குடிக்கு நானே போய் எலுமிச்சம்பழத்தை மோந்து பார்த்து மூட்டை எடுத்து வருவேன். குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் ஐந்தருவி வரைக்கும் என் பெட்டிதான் நிற்கும். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். சம்பாதித்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

ஆனால் எழுத உட்கார்ந்தது சோடாவைப் பற்றி இல்லை. நான் ஒரு சங்கத்தில் மெம்பராக இருந்தேன். அதைப் பற்றி.

ஊரில் அதைக் கிளப் என்பார்கள். முன்னால் பூப்பந்து ஆடுகிற மைதானம், உள்ளே ஒரு ரேடியோ, பேப்பர் படிக்க நீள மேசை, சீட்டு ஆட ஒரு அறை. அரிசி ஆலை முதலாளி ஒருவர் தலைவர். மற்றவர்கள் வக்கீல், டாக்டர், தாலுகா ஆபீஸ் பெரியவர்கள், பெரிய கடைக்காரர்கள். சாயங்காலம் ஆனால் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையாக உள்ளே போவார்கள். நான் பல வருஷம் அந்த இடத்துக்குப் பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். சோடாப் பெட்டியை இறக்கிவிட்டு, காலிப் பாட்டிலை எடுத்து அடுக்குவேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலேயே எனக்கும் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்போடு சைக்கிளை மிதித்துக்கொண்டு திரும்புவேன்.

கடை பெருத்தது. லாரி வாங்கினேன். கல்யாணம் முடித்து, இலஞ்சி ரோட்டில் மனை வாங்கி வீடு கட்டினேன். எல்லாம் இருந்தும் சாயங்காலமானால் போக ஓர் இடம் இல்லை. எனக்கு ஊர் கீழப்பாவூருக்கும் கிழக்கே. தென்காசியில் சொந்தம் என்று சொல்ல ஒரு வீடு கிடையாது. ஆடு மாட்டுக்குக்கூட ஒரு மந்தை இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது என்று தோன்றும்.

என்னைக் கிளப்பில் சேர்த்துவிட்டவர் துணிக்கடை பாய். பஜாரில் பெரிய கடை, பெரிய உடம்பு, பெரிய குரல். பொடி போடுவார். சீட்டில் கள்ளாட்டம் ஆடுவார். பிடித்துவிட்டால், "கண்டுபிடிக்கத் தெரியுதான்னு பாத்தேன்வே" என்பார். அவர் கடை வாசலுக்கு நான் சோடா போடப் போகும்போதெல்லாம் பேசிப் பழக்கம். ஒருநாள் அவராகவே கேட்டார்.

"ஓய் சோடா, கிளப்புல சேருதீரா?"

"என்னைச் சேப்பாகளா பாய்?"

"சேக்காம? உம்ம சோடாவக் குடிச்சுத்தான எல்லாவனும் ஏப்பம் விடுதான்."

சேர்த்துக்கொண்டார்கள். எந்தப் பக்கம், யார் வீடு என்று சுற்றி வளைத்துக் கேட்டவர்கள் உண்டு. கீழப்பாவூர்ப் பக்கம் என்றேன். அதோடு விட்டுவிட்டார்கள். லாரி வைத்திருக்கிறவனிடம் அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்திருக்கலாம். முன்வாசல் வழியாக நான் உள்ளே போன அன்றைக்கு எனக்குக் காலணியை எந்தப் பக்கம் கழற்றிவைப்பது என்றே தெரியவில்லை. பாய் காலாலேயே ஓர் இடத்தைக் காட்டினார்.

இனிமேல்தான் விஷயம். அந்தக் கிளப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை எல்லாரும் ஐந்தருவிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போவார்கள். தலைவரும் டாக்டரும் பிளஷர் காரில் வருவார்கள், மற்றவர்கள் குதிரை வண்டியில். அருவிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு நீளமான பாறை. அதில் துண்டைக் கட்டிக்கொண்டு, அருவியைப் பார்த்தபடி ஒருவர் பின்னால் ஒருவராக உட்கார வேண்டும். சேர்ந்த வரிசைப்படிதான் இடம். முன்னால் தலைவர், அவருக்குப் பின்னால் ரொம்பப் பழைய மெம்பர், அப்படியே போய்க் கடைசியில் புதிதாகச் சேர்ந்தவர். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருப்பவர் முதுகில் எண்ணெய் தேய்க்க வேண்டும். இதற்கு எண்ணெய் வரிசை என்று பெயர். தலைவருக்குக் கை காயும், கடைசி ஆளுக்கு முதுகு காயும் என்று கேலி பேசுவார்கள். தலைவர் யாருக்கும் தேய்க்க வேண்டாம். கடைசி ஆளுக்குத் தேய்க்க யாரும் இல்லை. அடுத்து ஒருவர் வந்து சேர்ந்து, அவர் பின்னால் உட்காரும் வரைக்கும் அவர் முதுகு காய்ந்துதான் கிடக்கும்.

தாலுகா ஆபீஸ்காரர் முதுகை மளிகைக்கடைக்காரர் தேய்ப்பார். மளிகைக்கடைக்காரர் முதுகை டாக்டர் தேய்ப்பார். ஊரில் வேறு எந்த இடத்தில் இது நடக்கும்? இந்த ஒன்றுக்காகவே நான் அந்தக் கிளப்பில் சேர ஆசைப்பட்டேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் நிஜம். வயிறு, கால், தலை எல்லாவற்றுக்கும் நம் கையே போதும். முதுகுக்கு மட்டும்தான் இன்னொரு ஆள் வேண்டும்.

முதல் வருஷம் நான்தான் கடைசி. எனக்கு முன்னால் பாய். அவருக்குப் பிறகு யாரும் சேராததால், மூன்று சீசனாக அவர் முதுகு காய்ந்து கிடந்தது. உட்காரும்போதே, "பாத்துத் தேயும்வே, ரொம்ப நாள் தரிசு" என்றார்.

நான் தேய்த்தேன். உள்ளங்கையில் எண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்து, இடுப்பிலிருந்து மேலே ஏற்றி, தோள்பட்டைக்கு அடியில் கட்டைவிரலை விட்டு ஒரு சுற்று, கழுத்து நரம்பில் ஒரு பிடி. பாய் கத்திய கத்தலில் பாறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"என்ன பாய், கன்னுக்குட்டியத் தொலைச்ச மாடு மாதிரி கத்துதீரு?" என்று முன்னாலிருந்து தலைவர் கேட்டார்.

"நீங்க இங்கன வந்து உக்காந்து பாருங்க தலைவரே. நீங்களும் கத்துவீங்க."

தலைவர் எழுந்து வந்தார். பாயை நகரச் சொல்லிவிட்டு என் முன்னால் உட்கார்ந்தார். கிளப் தலைவர் கடைசி ஆளிடம் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இருக்கிற வித்தையை எல்லாம் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பழகின கையில்லா இது. யாருகிட்டவே படிச்சீரு?"

"எங்க அப்பாகிட்ட அண்ணாச்சி."

"அப்பாவுக்கு என்ன தொழிலு?"

சந்தோஷத்தில் இருந்தவன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் பொய் சொல்லியிருக்க மாட்டேன். என் அப்பா ஊரில் சவரத் தொழில் செய்தவர். சனிக்கிழமைதோறும் பண்ணை வீடுகளுக்குப் போய் முதலாளிமாருக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். கூடப் போய்க் கிண்ணம் பிடித்து, பார்த்துப் பார்த்துப் பழகினது என் கை. அதை அப்படியே சொன்னேன்.

என் உள்ளங்கைக்கு அடியில் அந்த முதுகு இறுகியது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. அப்புறம் அவர் முன்னைப் போலவே தளர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "சரி சரி. அந்தத் தோள்பட்டையில இன்னும் கொஞ்சம் அழுத்துப்பா."

அதுவரைக்கும் நீரு, வாரும் என்று பேசியவர் அவர். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. ஒருவர் மாற்றி ஒருவராக வந்து என் முன்னால் உட்கார்ந்தார்கள். டாக்டர் வந்தார், தாலுகா ஆபீஸ்காரர் வந்தார், எல்லாருக்கும் தேய்த்தேன். கை அசந்துபோனது. பிறகு அருவியில் நின்றோம். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் சாப்பிட்டோம். ஒரே காலையில் கிளப் மொத்தத்தையும் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சட்டையைக் கழற்றியபோது வீட்டுக்காரி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எண்ணெய் தேச்சுக் குளிக்கப் போனீகளா, சும்மா போனீகளா? முதுகு வெள்ளை பூத்துல்லா கிடக்கு. வாங்க, நான் தேச்சுவிடுதேன்."

வேண்டாம் என்றேன். அடுத்த வருஷம் புது மெம்பர் ஒருத்தன் வருவான், அவன் தேய்ப்பான், அதுதான் முறை என்று சொன்னேன்.

அந்த வருஷம் கிளப்பில் என்னோடு எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். முகம் சுளித்தவன் என்று ஒருத்தனைக் காட்ட முடியாது. ஆனால் பேச்சு மாறியிருந்தது. சீட்டு ஆடும்போது ஒருத்தர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "இங்கன கொஞ்சம் பிடிச்சுவிடேன்ப்பா" என்பார். பிடித்துவிடுவேன். மெம்பருக்கு மெம்பர் உதவிதானே என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் தலைவர் வீட்டிலிருந்து ஆள் வந்து, ஐயா கையோடு கூட்டி வரச் சொன்னார் என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கூடையில் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு போனேன். வந்த ஆள் என்னை முன்வாசலைத் தாண்டி, வீட்டைச் சுற்றிக் கிணற்றடிக்கு அழைத்துப் போனான். அங்கே மணையில் தலைவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம்.

சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுத் தேய்த்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கிணற்றடிக்கும் என் அப்பா போன கிணற்றடிகளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. வாழைமரம்கூட அதே மூலையில்தான் நின்றது. எலுமிச்சம்பழக் கூடையைச் சமையல்காரம்மா வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

பாயிடம் மட்டும் இதைச் சொன்னேன். அவர் பொடி மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு திறக்காமலே இருந்தார். பிறகு, "ஆடி வரட்டும்வே" என்றார்.

அந்த ஆடிக்குள் கிளப்பில் ஒரு புது மெம்பர் சேர்ந்தார். மெட்ராசில் சட்டம் படித்துவிட்டு வந்த இளவட்ட வக்கீல். வரிசையில் எனக்குப் பின்னால் அவர்தான். நான் பொல்லாத உற்சாகத்தில் இருந்தேன். மேலகரத்துச் செக்கில் நின்று, எள்ளை நானே பொறுக்கிப் போட்டு, கருப்பட்டித் துண்டு போட்டு ஆட்டி, கிளப் மொத்தத்துக்கும் காணும்படி ஒரு தகர டின் நிறைய எண்ணெய் எடுத்தேன். சீரகமும் மிளகும் போட்டுக் காய்ச்சினேன். ஐந்தருவிக்கு அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு குதிரை வண்டியில் போனேன். சாரல் முகத்தில் அடித்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு காலையை நான் எதிர்பார்த்தது கிடையாது, கல்யாணத்துக்குக்கூட.

பாறையில் வரிசை இல்லை. குற்றாலத்தில் கூலிக்கு எண்ணெய் தேய்க்கிறவர்கள் அஞ்சாறு பேர் கிண்ணத்தோடு நின்றார்கள். மெம்பர்கள் ஆளுக்கு ஒரு பக்கமாகக் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். இந்த வருஷத்திலிருந்து இதுதான் ஏற்பாடு என்று தலைவர் சொன்னார். காலம் மாறுகிறது, நமக்குள்ளே ஒருத்தரை ஒருத்தர் சிரமப்படுத்துவானேன் என்றார்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. கிளப் முன்னேறிவிட்டது என்றுதான் நினைத்தேன். இவ்வளவு எண்ணெய் வீணாகப் போகிறதே என்ற கவலைதான் எனக்கு. புது வக்கீல் தூரத்தில் தனியாக ஒரு பாறையில் உட்கார்ந்து அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. அப்போது தலைவர் தன் பக்கத்தில் நின்ற கூலிக்காரனை, வேறு ஆளைப் பார் என்று அனுப்பிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எனக்கு எதுக்கு இவன்? நம்ம ஆளே டின்னோட வந்து நிக்கான்."

நான் டின்னைத் திறக்கக் குனிந்தேன். ஆமாம், குனிந்தேன். பாய் வந்து என் கையிலிருந்து டின்னைப் பிடுங்கினார்.

"தலைவரே, இவரு சந்தா கட்டுத மெம்பரு," என்றார். உரக்கச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய குரல்காரர் அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினார். "வரிசைய ஏன் எடுத்தீங்க, சொல்லுங்க. வக்கீல் தம்பி இவரு முதுகத் தொட மாட்டேன்னுச்சு. தொடாட்டா சேராதன்னு நீங்க சொல்லல. வரிசையவே எடுத்திட்டீங்க. ஒரு முதுகுக்காக."

தலைவர், "என்ன பாய், குளிக்க வந்த இடத்துல" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. இறுகிய முதுகு, கழுத்தைப் பிடித்துவிடேன்ப்பா, கிணற்றடி. நான் முன்வாசல் வழியாக உள்ளே போனதாக நினைத்திருந்தேன்.

"ஓய், துண்ட விரிச்சு உக்காரும்," என்றார் பாய்.

"வேண்டாம் பாய்."

"உக்காரும்ங்கேன்."

எல்லாரும் பார்க்க அந்த நீளப் பாறையின் நடுவில் உட்கார்ந்தேன். பாய் எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். வரிசைப்படி அவர் எனக்கு முன்னால் இருக்க வேண்டியவர். எண்ணெயை அள்ளி முதுகில் ஊற்றினார். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவரைப் போல மோசமாக எண்ணெய் தேய்க்கிறவரை நான் பார்த்ததில்லை. துணி அளந்து பழகிய கை. முழம் போடுவதுபோல மேலும் கீழும் இழுத்தார். காதுக்குள் எண்ணெய் போனது, கண்ணில் இறங்கியது, விலாவில் கூசியது. ஆனால் உள்ளங்கை முழுவதையும் பதித்துத் தேய்த்தார். விரல் நுனியால் தொடவில்லை. அதுவரைக்கும் என் முதுகில் ஓர் ஆண்பிள்ளையின் உள்ளங்கை பட்டதில்லை. ஊர் முதுகை எல்லாம் தேய்த்த என் அப்பாவின் முதுகை ஒருத்தர் தேய்த்து நான் பார்த்ததில்லை. நானும் தேய்த்ததில்லை. அவர் கேட்டதில்லை, எனக்கும் தோன்றவில்லை. பாயின் கை என் தோளில் ஏறும்போதுதான் அது ஞாபகம் வந்தது. குனிந்து உட்கார்ந்துகொண்டேன்.

"என்னவே, வலிக்கா?"

"கண்ணுல எண்ணெய் பாய்."

"கிளப்ப விட்டு நிக்கேன்னு மட்டும் சொல்லிராதேரும். நீரு நின்னா அவங்களுக்குச் சௌகரியம்."

நான் நிற்கவில்லை. சாயங்காலம் தவறாமல் போனேன், பாயோடு உட்கார்ந்து சீட்டு ஆடினேன். கழுத்தைப் பிடிக்கச் சொன்னவர்களைப் பாய் பார்த்த பார்வையில் அதற்கப்புறம் ஒருத்தரும் கேட்கவில்லை. ஐந்தருவியிலிருந்து அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரி என் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது யார் தேச்சா? காதெல்லாம் எண்ணெய்" என்று கேட்டாள். கிளப்புக்காரங்க என்றேன். பொய்யா அது? எனக்குக் கிளப் என்றால் அந்த ஒரு ஆள்தான். மற்றவர்கள் சந்தா கட்டினார்கள், அவ்வளவுதான்.

பிறகு வந்த ஆடிகளில் மற்றவர்கள் கூலிக்குத் தேய்த்துக்கொள்வார்கள். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பாறையில் எங்கள் வரிசையை நடத்துவோம். முதலில் நான் அவருக்குப் பின்னால், பிறகு அவர் எனக்குப் பின்னால். ஒவ்வொரு வருஷமும் அதே மோசமான கை. நான் சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன். "ரெண்டு பேருக்கு ஒரு தொழிலாளி போதும்வே" என்றார்.

பாய்க்குச் சர்க்கரை இருந்தது. காலில் வந்த புண் ஆறவில்லை. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள், திரும்பக் கொண்டுவந்தார்கள். சாரல் தொடங்கும் சமயம். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தப் பெரிய குரல் காற்றாகத்தான் வரும். "இந்த ஆடிக்கு நீரு மட்டும் போவும்" என்றார். நான் சும்மா இருங்க பாய் என்றேன். நாலு நாள் கழித்து விடியற்காலையில் அவர் கடைப் பையன் என் கதவைத் தட்டினான்.

பாயின் மையித்தைக் குளிப்பாட்டும்போது உள்ளே திரை கட்டியிருந்தார்கள். அது மகன்மாரும் உறவுக்காரர்களும் செய்கிற காரியம். அவர்கள் முறை அது, நான் கேட்கவும் இல்லை, கேட்பது சரியும் இல்லை. முற்றத்தில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செம்பால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என் கை இரண்டும் தானாக விரிந்து விரிந்து மூடின. ஊரில் யார் யார் முதுகுக்கோ தேய்த்த கை. அந்த ஒரு முதுகைக் கடைசியாக ஒருதரம் தொட வழியில்லாமல் தொங்கிக்கொண்டு நின்றது. சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியபோது அவருடைய மூத்த மகன் திரும்பி என்னைப் பார்த்து, தோளிலிருந்து கழியை விலக்கி எனக்குக் கொடுத்தான். பஜார் முனையிலிருந்து அடக்கம் செய்கிற மையவாடி வரைக்கும் ஆள் மாற்றாமல் தூக்கினேன். மாற்றச் சொல்லிக் கை நீட்டியவர்களுக்குக் கொடுக்கவில்லை. கிளப்பில் இருந்து சில பேர் வந்து ஓரமாக நடந்தார்கள். சாயங்காலம் கிளப்பில் ரேடியோவை நிறுத்தி எழுந்து நின்றோம். பிறகு உட்கார்ந்தோம். என் எதிர் நாற்காலியை ஒருத்தர் பேப்பர் படிக்க இழுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு சில வருஷம் ஐந்தருவிப் பக்கம் நான் போகவில்லை. தொழிலில் மட்டும் மளமளவென்று ஏறினேன். இரண்டாவது மெஷின், மூன்றாவது லாரி, செங்கோட்டையில் ஒரு கிளை. கிளப்பில் பழைய ஆட்கள் குறைந்தார்கள். கூரை ஒழுகியது. பழைய தலைவர் உடம்பு முடியாமல் படுத்துவிட்டார். ஒருநாள் அதே வக்கீல், இப்போது கிளப்புக்குச் செயலாளர், நாலு பேரோடு என் வீட்டுக்கு முன்வாசல் வழியாக வந்தார். காபி குடித்தார்கள்.

"அண்ணாச்சி, இனி நீங்கதான் தலைவரா இருக்கணும். வேற யாரும் இல்ல."

கூரை போட ஆள் தேடித்தான் வந்திருக்கிறார்கள் என்று தெரியாத முட்டாள் இல்லை நான். இருந்தாலும் சரி என்றேன். ஒரே ஒரு காரியம் கேட்டேன். இந்த ஆடிக்குப் பழையபடி எண்ணெய் வரிசை வேண்டும். கூலி ஆள் கூடாது. வக்கீல் உடனே ஒத்துக்கொண்டார். அருமையான வழக்கம், அதை ஏன்தான் நிறுத்தினார்களோ என்று கூட வந்தவர்களிடம் சொன்னார். நடித்தார் என்று தோன்றவில்லை. நிஜமாகவே மறந்திருந்தார்.

ஐந்தருவியில் அந்த வருஷம் நல்ல தண்ணீர். பாறையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். முன்னால் தலைவர் இடத்தைக் காலியாக விட்டு, அதற்குப் பின்னால், மிஞ்சியவர்களில் பழையவரான வக்கீல் கையில் எண்ணெயோடு இருந்தார். போய் உட்கார்ந்தால் அவர் தேய்த்திருப்பார். நன்றாகவே தேய்த்திருப்பார். நான் அங்கே போகவில்லை. பின்னால் நடந்துபோய், புதிதாகச் சேர்ந்த பாங்கி ஏஜெண்டுக்கும் பின்னால், கடைசியில் உட்கார்ந்தேன்.

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "தலைவரே, என்ன இது?" என்றார்கள். இங்கே உட்காரத்தான் எனக்கு இஷ்டம் என்றேன். ஏஜெண்டின் முதுகில் எண்ணெயை ஊற்றி, என் அப்பா தேய்த்த மாதிரியே தேய்த்தேன். ஒரு பிடியைக்கூட மறைக்கவில்லை. அவர் கூச்சத்தில் நெளிந்துகொண்டு, ஐயோ நீங்க போய் எனக்கு, என்றார். தேய்த்துக்கொண்டே காத்திருந்தேன். இத்தனை பேரில் ஒருத்தர் எழுந்து சுற்றி வந்து என் பின்னால் உட்காருவார் என்று. யாரும் சொல்லாமல், அவராக. அதற்காகத்தான் தலைவர் பதவி, அதற்காகத்தான் கூரை, எல்லாம்.

கெட்ட மனசு ஒருத்தருக்கும் இல்லை. எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். "பெரிய மனுசன்னா இப்படில்லா இருக்கணும்" என்று முன்னாலிருந்து ஒருத்தர் சொன்னது காதில் விழுந்தது. "தலைவரே கடைசியில போய் உக்காந்துட்டாரு பாத்தியளா." கை தட்டினார்கள். தட்டிவிட்டு அவரவர் முன்னால் இருந்த முதுகைத் தேய்த்தார்கள். பிறகு எழுந்து அருவிக்குப் போனார்கள். டின்னில் எண்ணெய் பாதி இருந்தது. நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முதுகில் சாரல் விழுந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். வீட்டுக்காரி பின்னால் நின்று பார்த்தாள். அடுக்களைக்குள் போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்று இந்தத் தடவையும் சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் மணையை எடுத்துப் போட்டிருந்தாள்.